‘என் பையைச் சோதிக்க உங்களுக்கு உரிமை இருக்கா, டீச்சர்?’

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே நீக்கப்பட்டுள்ளன. அடிப்படை உரிமைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவதைப் பார்த்துச் சலித்துப்போன அவர், இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைச் செய்முறையாக நடத்த முனைந்தார். முதல் செயல்பாடாக, 31 மாணவர்களும் சேர்ந்து ‘வகுப்பு அரசமைப்பு’ ஒன்றை எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். நிறைவேறிய விதிகளில் ஒன்று, ‘திக்கித் திக்கி வாசிப்பவர்கள் கடைசி வரிசையில் உட்கார வேண்டும்’ என்பது. ஆதரவு 24, எதிர்ப்பு 7. அதிர்ந்துபோன ஆசிரியை அந்த வரியைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்டு, ‘இதெல்லாம் ஒரு விதியா?’ என்று கடிந்துகொண்டார். அடுத்த வாரம், யாராவது கைபேசி கொண்டுவந்திருக்கிறார்களா என்று பைகளைச் சோதித்தபோது ஒரு மாணவி எழுந்து, ‘என் பையைச் சோதிக்க உங்களுக்கு உரிமை இருக்கா, டீச்சர்?’ என்று கேட்டிருக்கிறாள்.

செய்தி தலைமையாசிரியர் வரை போய்விட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவர், ‘உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வாயாடத்தான் செய்யும், முதலில் கடமையைச் சொல்லிக்கொடுங்கள், 18 வயது ஆகாத பிள்ளைக்கு என்ன உரிமை?’ என்றாராம். தலைமையாசிரியர் செயல்பாடுகளை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார். ஆசிரியையின் திட்டத்தில் இன்னும் மூன்று மிச்சமிருக்கின்றன: ஒரு மாதிரி நீதிமன்றம், ஊர்த் தேநீர்க் கடைகளிலும் கோயிலிலும் தீண்டாமை நிலவுகிறதா என்று மாணவர்களைக் கொண்டே கணக்கெடுப்பது, பள்ளிக் கழிப்பறை பற்றி மாணவர்கள் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுவது. பேச்சுரிமை தமக்கும் உண்டு என்பதால் தலைமையாசிரியர் தம்மைத் தடுக்க முடியாது என்று அவர் கருதுகிறார். அது சரியா, மேற்கொண்டு எப்படிப் போவது என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் சறுக்கல் என்று எழுதியிருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளும், அதாவது அந்த வாக்கெடுப்பும் அந்த மாணவியின் கேள்வியும், ஒரு வழக்கறிஞராக எனக்கு எந்தக் கவலையும் தரவில்லை. பாடம் உண்மையில் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் மிகுந்த ஆர்வத்தோடு விவரித்திருக்கும் தேநீர்க் கடைக் கணக்கெடுப்பும் மாணவர் பெயரிலான மனுவும்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. உரிமையைச் செய்முறையாகக் கற்பிக்கும்போது பிள்ளைகள் முதலில் கேள்வி கேட்பது தங்களுக்கு மிக அருகில் உள்ள அதிகாரத்தை, அதாவது உங்களை. அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நீங்கள். ஊரில் உள்ள அதிகாரத்தோடு மோத நேர்ந்தால் அதன் இடரை ஏற்க வேண்டியவர்களும் பெரியவர்களே. உங்கள் திட்டத்தில் இது தலைகீழாக இருக்கிறது: வகுப்பறைக்குள் கேள்வி எழுந்ததும் நீங்கள் சங்கடப்பட்டீர்கள், ஊருக்குள் கேள்வி கேட்கப் பிள்ளைகளை முன்னே அனுப்பப் பார்க்கிறீர்கள்.

உங்கள் சட்ட நிலை

பேச்சுரிமையை வைத்து வாதாட வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு உங்களுக்கும் உண்டு என்பது உண்மை. ஆனால் வகுப்பறையில் நீங்கள் பேசுவது உங்கள் பணியின் பகுதி. எதை, எப்போது, எந்த முறையில் கற்பிப்பது என்பதைக் கல்வித் துறையும், அன்றாட நிர்வாகத்தில் தலைமையாசிரியரும் நெறிப்படுத்தலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்பதும் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. அரசின் செயல்பாட்டைப் பொதுவெளியில் விமர்சிப்பது, அனுமதியின்றி ஊடகங்களிடம் பேசுவது ஆகியவற்றுக்கு அதில் கட்டுப்பாடு உண்டு. வகுப்பில் நடப்பதைக் காணொளியாக எடுத்து வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போடும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். விதிமீறல் ஒருபுறம் இருக்க, பிள்ளைகளின் முகங்கள் ஊரில் எந்தெந்தக் கைபேசிகளுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

உங்களுக்கு வலுவான பிடி வேறோர் இடத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பாடத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிரிவு, அவை அரசமைப்புச் சட்டத்தின் விழுமியங்களுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்கிறது. செயல்பாடுகள், கண்டறிதல், தேடல் வழியாகக் கற்றல் நடக்க வேண்டும் என்கிறது. குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் செய்ய விரும்புவது சட்டத்தின் இந்த வாசகங்களுக்குள் அப்படியே அடங்குகிறது. தலைமையாசிரியரிடம் ‘என் உரிமை’ என்று பேசுவதைவிட, ‘சட்டம் நம் பள்ளியிடம் எதிர்பார்ப்பது இது’ என்று அந்தப் பிரிவின் நகலை வைத்துப் பேசினால் அவரும் உங்கள் பக்கம் நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

அழித்த வரியைத் திரும்ப எழுதுங்கள்

24 பேர் ஆதரித்த விதியை நீங்கள் அழித்ததன் நோக்கம் நல்லது. ஆனால் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, வாக்கெடுப்பு எவ்வளவு நடந்தாலும் கடைசியில் டஸ்டர் வைத்திருப்பவர் சொல்வதுதான் சட்டம் என்பதை. அந்த விதி ஏன் செல்லாது என்பதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை; ஒரு சட்டத்தை ரத்துசெய்யும் நீதிமன்றம்கூட அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

அடிப்படையான குறை உங்கள் செயல்பாட்டின் வரிசையில் இருக்கிறது. விதிகளை முதலில் எழுத வைத்தீர்கள். நம் அரசமைப்பின் மூன்றாம் பாகத்தில் 13-ஆம் பிரிவு முன்னால் வருகிறது: அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது, இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது. எனவே வகுப்பிலும் உரிமைகளை முதலில் முடிவுசெய்ய வேண்டும். விதிகளை அதன் பிறகு எழுத வேண்டும். ஒவ்வொரு விதியையும் உரிமைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்று மாணவர்கள் கொண்ட ஓர் அமர்வு இருக்க வேண்டும். அமர்வில் இருப்பவர்களை வாரந்தோறும் மாற்றுங்கள். எப்போதும் நன்றாகப் படிக்கும் மூவரே அங்கே உட்கார்ந்துவிட்டால் அது வேறொரு பாடமாகிவிடும்.

அழித்த வரியை அதே சொற்களில் மறுபடியும் பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுங்கள். ‘திக்கி வாசிப்பவர்’, ‘கண்ணாடி இல்லாமல் பலகை தெரியாதவர்’, ‘வேறு மாநிலத்திலிருந்து போன மாதம் வந்து சேர்ந்தவர்’, ‘வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவர்’ என்று அதில் எழுதியிருக்கட்டும். சீட்டைப் பிரிக்காமலேயே, தாங்கள் அதில் உள்ளவராக இருக்கக்கூடும் என்று எண்ணி, அதே விதிக்கு மறுபடியும் வாக்களிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறினால் ஏன் மாறியது என்று அவர்களே பேசுவார்கள். மாறாவிட்டால் அமர்வு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பு எழுதட்டும். ஓர் எச்சரிக்கை: சீட்டில் சாதியையும் மதத்தையும் எழுதாதீர்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அது விளையாட்டாக நிற்காது.

திருத்தம் செய்யும் முறையையும் இதே 31 பேரை வைத்துக் காட்டலாம். அரசமைப்பின் 368-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் ஓர் அவையில் திருத்தம் நிறைவேற இரண்டு கணக்குகள் ஒருசேரப் பொருந்த வேண்டும்: வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். மழை நாளொன்றில் 21 பேர்தான் வந்திருக்கிறார்கள், அனைவரும் வாக்களிக்கிறார்கள், 14 பேர் ஆதரிக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. ஆனாலும் 31-இல் பாதிக்கு மேல் என்றால் 16 வேண்டும், திருத்தம் தோற்றுவிடும். வராதவர்களின் உரிமையை வந்தவர்கள் பறித்துவிட முடியாதபடி ஒரு தடுப்பு அங்கே இருப்பதைப் பிள்ளைகள் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பார்கள். கணக்கு ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்வமுள்ள வகுப்பாக இருந்தால், இரண்டு கணக்கும் பொருந்தினாலும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர் முடிவுசெய்ததையும், அது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்த தீர்ப்பு என்பதையும் சொல்லுங்கள். 24-க்கு 7 என்ற தங்கள் வாக்கெடுப்பை அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது

மாதிரி நீதிமன்றத்துக்கு என்ன வழக்கை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாணவி ஏற்கெனவே ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டாள்.

அவள் கேட்டது வாய்த்துடுக்கு இல்லை. சட்டத்தில் பதில் உள்ள கேள்வி. 12-ஆம் பிரிவு ‘அரசு’ என்று குறிப்பதில் உள்ளாட்சி அமைப்புகளும் அடங்கும். ஆகவே உங்கள் பள்ளி அரசின் பகுதி, அந்தப் பள்ளியின் ஆசிரியராக நீங்கள் பை திறப்பது அரசின் செயல். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆம் பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 21-ஆம் பிரிவு ‘எந்த நபருக்கும்’ பொருந்தும். அதில் வயது வரம்பு இல்லை. அதே நேரத்தில் அந்த உரிமை எல்லையற்றதும் இல்லை. அதில் தலையிட மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கிறதா?

இந்த மூன்றையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் தாராளமாகக் கையாள முடியும். கைபேசி கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா, பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று ஒரு குழு தேடட்டும். சோதனை ஏன் தேவை என்று தலைமையாசிரியரையே ‘அரசுத் தரப்பு’ சாட்சியாக அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். செயல்பாட்டை நிறுத்தச் சொன்னவர், தம் தரப்பைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் தணிந்துபோவதற்கு நல்ல வாய்ப்புண்டு. அளவு பற்றிய மூன்றாவது கேள்வியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். அந்த மாணவி ஏன் கேட்டாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் பையில் நாப்கின் இருந்திருக்கலாம். முப்பது பேர் பார்க்க அந்தப் பை மேசையில் கவிழ்க்கப்படும் என்று அவள் அஞ்சியிருக்கலாம். அவளிடம் காரணம் கேட்காதீர்கள். காரணம் சொல்லாமலேயே ஒரு நபர் தன் உரிமையைக் கேட்கலாம் என்பதும் இந்தப் பாடத்தில் சேரும். சோதனைக்கு முன் காரணத்தைச் சொல்வது, பையை மாணவரே திறப்பது, மாணவியர் பையை ஆசிரியை மட்டும் பார்ப்பது, மற்றவர்கள் முன்னிலையில் பார்க்காமல் தனியாகப் பார்ப்பது என்று தீர்ப்பு அநேகமாக ஏதோ ஒரு நடைமுறையில் போய் நிற்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வரும் தீர்ப்புக்கு எந்த அளவு கட்டுப்படுவீர்கள் என்பதை விசாரணை தொடங்கும் முன்பே வகுப்பில் அறிவித்துவிடுங்கள். ‘சோதனையே கூடாது என்று தீர்ப்பு வந்தால் ஏற்க முடியாது, எப்படிச் சோதிப்பது என்பதில் உங்கள் தீர்ப்பை ஏற்பேன்’ என்றுகூடச் சொல்லலாம். அது நேர்மையான எல்லை. எதற்கும் கட்டுப்பட மாட்டீர்கள் என்றால் அந்த நீதிமன்றத்தை நடத்தவே வேண்டாம்.

இரண்டாவதாக ஓர் உண்மை வழக்கு வேண்டுமென்றால், பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்ற 1986-ஆம் ஆண்டு வழக்கை எடுங்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் நாட்டுப்பண் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் வென்று திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, துறைச் சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு நடத்திய பிள்ளைகள் உங்கள் மாணவர்களின் வயதை ஒட்டியவர்கள் என்பதால் ஈடுபாடு தானே வரும். யாரையும் அவர்களுடைய சொந்த மதத்துக்காக வாதாட வைக்காமல், சீட்டுக் குலுக்கித் தரப்புகளைப் பிரியுங்கள். பாதியில் இரு தரப்பும் இடம் மாறி வாதிடட்டும். நடுவராக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை அனுப்பக் கேட்டு எழுதலாம். சட்ட விழிப்புணர்வு அவர்களுடைய பணிகளில் ஒன்று.

தேநீர்க் கடைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

இதில் நான் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை. இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. தனிக் குவளை வைப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் செயல்கள் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வரும். அப்படியானால் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்குப் போகும் பிள்ளை, சட்டத்தின் பார்வையில் ஒரு குற்றத்துக்குச் சாட்சி ஆகிறது. யாரை அனுப்புவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அவமானத்தை வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளையை அனுப்பினால், பாடத்துக்காக அதை நேரில் ஒருமுறை பட்டுவரச் சொல்கிறீர்கள். மற்றப் பிள்ளையை அனுப்பினால், அது தன் மாமாவின் கடையைப் பற்றியே எழுதிக்கொண்டு வரும். மாலையில் இருவரும் ஒரே தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது அவர்களோடு நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஊரில் இந்த வழக்கம் இருப்பது உங்களுக்கே தெரியும் என்றால், புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள். காவல் நிலையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அதை எழுத்தில் தரலாம்.

பிள்ளைகள் கணக்கெடுக்கத் தகுந்த இடம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள்: வகுப்பறையைப் பெருக்கியது யார், தண்ணீர்க் குடம் தூக்கியது யார், பெஞ்சு நகர்த்தக் கூப்பிடப்பட்டது யார், ஆசிரியர் அறைக்குத் தேநீர் வாங்கிவர அனுப்பப்பட்டது யார், நூலகச் சாவி யாரிடம், விழா மேடையில் வரவேற்புரை யாருக்கு. பெயர் வேண்டாம், மாணவன், மாணவி என்று மட்டும் குறித்தாலே போதும். பெருக்குமாறு எப்போதும் மாணவியர் கையிலும் சாவி எப்போதும் மாணவர் பையிலும் இருப்பது தாளில் தெரியவரும்போது, பாலினம், சாதி போன்றவற்றால் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 15-ஆம் பிரிவைப் பற்றி நீங்கள் விரிவுரை ஆற்ற வேண்டியிருக்காது. சாதி வாரியாக இதைப் பதிவுசெய்யச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை நீங்கள் மனத்துக்குள் எடுங்கள். குறிப்பிட்ட பிள்ளைகளே கழிப்பறை கழுவ அனுப்பப்படுகிறார்கள் என்று தெரிந்தால், அது செயல்பாட்டுக்கான தரவு இல்லை, அன்றே நிறுத்த வேண்டிய குற்றம். பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யுமாறு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024-இல் பரிந்துரைத்திருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வகுப்பறைக்குள் சாதி எவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கழிப்பறை மனு யார் பெயரில்?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை தருகிறது. அதில் வயது வரம்பு இல்லை. ஆகவே மாணவர் மனுப் போட முடியுமா என்றால் முடியும். போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. மனுவில் பெயரும் முகவரியும் இருக்கும். அது பல மேசைகளுக்குப் போகும். ‘இந்தப் பிள்ளையை யார் தூண்டிவிட்டது?’ என்ற விசாரணை கழிப்பறைக்கு முன்னால் வந்து நிற்கும். மேலும் அந்தச் சட்டத்தில் கிடைப்பது தகவல். உங்களுக்கு வேண்டியது தாழ்ப்பாள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு: மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான போதிய குடிநீர், தடையின்றி நுழையும் வசதி, விளையாட்டிடம், நூலகம், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். இந்தப் பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பள்ளியைச் சுற்றிவரச் சொல்லுங்கள். ‘கழிப்பறை சரியில்லை’ என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ‘மாணவியர் கழிப்பறை மூன்று, இரண்டாவதில் தாழ்ப்பாள் இல்லை, மூன்றாவதன் கதவு கீழே அரித்துப்போயிருக்கிறது, காலை இடைவேளைக்குப் பிறகு தண்ணீர் வருவதில்லை’ என்று எழுதும் வரை விடாதீர்கள். நீதிமன்றத்திலும் நாங்கள் இப்படித்தான் எழுதக் கற்றுக்கொள்கிறோம்.

அந்த அறிக்கையைப் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் பொறுப்பு. அறிக்கையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் மனுவைப் பெற்றோர் ஒருவர் தம் பெயரில் போடட்டும். மனுவை எழுதிப் பழகுவதும், 30 நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் மாணவர் வேலையாக இருக்கட்டும்.

அந்தப் பெற்றோருக்கு

18 வயதில் வருவது வாக்குரிமை. 326-ஆம் பிரிவில் 21 என்று இருந்ததை 61-ஆவது திருத்தம் 18 ஆக்கியது. மற்ற உரிமைகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய அடிப்படை உரிமை ஒன்று உண்டு: 86-ஆவது திருத்தம் 2002-இல் சேர்த்த, கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தரும் 21அ பிரிவு. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 24-ஆம் பிரிவும் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது.

கடமைகளைச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை, சொல்லிக்கொடுங்கள். ஆனால் அடிப்படைக் கடமைகள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. அவற்றை நிறைவேற்றினால்தான் உரிமை உண்டு என்று அரசமைப்பில் எங்கும் இல்லை. 51அ பிரிவை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டு ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அதில் இருக்கிறது. பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அவருடைய அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. சைக்கிள் வாங்கித் தராத அப்பாவிடம் ‘இது சமத்துவ உரிமை மீறல்’ என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசை நோக்கியவை என்பதை நீங்கள் வகுப்பில் தெளிவாக்கினால் இது குறையும். தீண்டாமை பற்றிய 17, கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23, குழந்தை உழைப்பு பற்றிய 24 ஆகிய பிரிவுகளும், கடை, கிணறு, குளம் போன்றவற்றைப் பற்றிய 15(2) பிரிவும் தனியாரையும் கட்டுப்படுத்துகின்றன. 19, 21 ஆகியவற்றை அரசல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. அதன் வீச்சு போகப்போகத்தான் தெளிவாகும். எட்டாம் வகுப்புக்கு, ‘யாருக்கு எதிராக இந்த உரிமை?’ என்ற கேள்வியை ஒவ்வொரு பிரிவுக்கும் கேட்கப் பழக்கினால் போதுமானது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமை பற்றிப் பேசத் தொடங்கினால், ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நடப்பதைச் சொல்லும். அடி, வேலை, திருமண ஏற்பாடு, அதைவிட மோசமானதும் வரலாம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். மற்றவற்றுக்குச் சிறார் உதவி எண் 1098 இருக்கிறது. ‘நீ சொல்வதில் சிலவற்றை, உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்’ என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். பெயரில்லாமல் எழுதிப் போடும் பெட்டி வைப்பதானால், அதைத் தினமும் திறந்து வாசிக்க உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொண்டு வையுங்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். பாட அலகு எது, செயல்பாடு எது, எத்தனை பாடவேளை, அனைத்தும் வளாகத்துக்குள்ளேயே நடக்கும், படம் எடுக்கப்படாது என்ற விவரங்களோடு 29-ஆம் பிரிவின் நகலை இணையுங்கள். தேநீர்க் கடைத் திட்டம் கைவிடப்பட்டது என்பதையும் அதில் எழுதுங்கள். அவருடைய பாதித் தயக்கம் அதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நவம்பர் 26 அரசமைப்பு நாளை ஒட்டி மாதிரி நீதிமன்றத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், பள்ளி எப்படியும் அன்று ஏதாவது நடத்த வேண்டியிருப்பதால், அவருக்கும் வசதி. அதற்குப் பிறகும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். அதை வைத்து வட்டாரக் கல்வி அலுவலரிடம் முறையாகப் போகலாம். அந்த மறுப்பைப் பற்றி வகுப்பில் பேசாதீர்கள். அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான நிர்வாக விஷயம். பிள்ளைகள் அதில் ஒரு தரப்பு அல்ல.